கைத்துப்பாக்கி வேட்டையும் வீட்டில் கட்டும் தோட்டாவும்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: ".350 லெஜெண்ட் ரைஃபிளில் இரண்டு சீசன் மான் வேட்டைக்குப் போய்விட்டேன், கிரீன் கார்டும் வந்துவிட்டது, இனிமேல் கைத்துப்பாக்கியில் வேட்டையாட ஆசை. .500 ஸ்மித் அண்ட் வெஸன் வாங்கலாமா? தோட்டா விலை பயமுறுத்துகிறது, நானே வீட்டில் கட்டினால் காசு மிச்சமாகுமா? வயசான பிறகும் இது கூட வருமா?"

மூன்றுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .500 வேண்டாம். காசு மிச்சமாகாது, ஆனாலும் கட்டுங்கள். வயசான பிறகும் கூட வரும், எனக்கு இது கிட்டத்தட்ட முப்பதாவது வருஷம். காரணங்கள் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். புதியவர்களுக்கு ஒரு வரி: தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. கட்டுவது என்றால் சுட்ட கூட்டில் மற்ற மூன்றையும் புதிதாக வைப்பது. .44, .500 என்ற எண்கள் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில்.

நீங்கள் கேட்ட அந்த .500 மேக்னம் 2003-இல் வந்தது. மேக்னம் என்றால் வலிமை கூடிய தோட்டா. எட்டே கால் அங்குலத்துக்கும் மேலான குழல் வைத்த மாடல் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. கரடிக்குக்கூடப் போதும் என்று விற்கிறார்கள், போதும்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் கைத்துப்பாக்கியாக அதை வாங்குகிறவருக்கு நடப்பது என்ன தெரியுமா? ஐந்தாறு தோட்டாவுக்குள் கை பயந்துவிடும். மனசு பயப்படாது, கைதான். விசையை அழுத்துகிற அந்தக் கணத்தில் உதை வரப்போகிறது என்று மணிக்கட்டு முன்கூட்டியே கீழே இறங்கும், கண் இமைக்கும். சுடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு அந்தப் பழக்கமில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள், நானும் செய்தேன். அப்புறம் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ரிவால்வரை வாங்கி, நான் பார்க்காமல் ஆறு அறையில் மூன்றில் தோட்டாவும் மூன்றில் ஏற்கெனவே சுட்ட வெறும் கூடும் போட்டுக் கையில் கொடுத்தார். வெறும் கூடு வந்த இடத்தில் சத்தம் இல்லை, உதை இல்லை, ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் ஓர் அங்குலம் கீழே குத்தியது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாலு மாதம் பெரிய தோட்டாவை என் கண்ணில் காட்டவே இல்லை.

வீட்டில் தோட்டா கட்டுவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. .44 மேக்னம் ரிவால்வர் ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் முழு வேகத் தோட்டா, 240 கிரெயின் (சுமார் பதினைந்தரை கிராம்) குண்டு, நொடிக்கு 1200 அடிக்கு மேல். வீட்டில் கட்டினால் அதே துப்பாக்கிக்கு, அதே எடைக் குண்டை வைத்து, கை வலிக்காத 800, 900 அடி வேகத்தில் கட்டலாம். அதில் இரண்டாயிரம் தோட்டா சுட்டுவிட்டு, ஒரு படி ஏற்றி, அதில் கை அமைதியானதும் இன்னொரு படி. ஏணியில் ஏறுகிற மாதிரி. நேராக உச்சிப் படியில் போய் நின்றவர்கள் பலர் ஒரே வருஷத்தில் துப்பாக்கியை விற்றுவிட்டார்கள், அப்படிப்பட்டவர்களிடம் நானே இரண்டு வாங்கியிருக்கிறேன். கட்டத் தெரிந்தவரிடம் ஒரு துப்பாக்கி நாலு துப்பாக்கி. அதனால் என் யோசனை: ஆறு அல்லது ஏழரை அங்குலக் குழல் உள்ள .44 மேக்னம் ரிவால்வர் ஒன்று. அதுவும் கனமாகத் தோன்றினால் .357 மேக்னம். அதில் .38 ஸ்பெஷலும் போட்டுச் சுடலாம். .357 கூட்டை வேண்டுமென்றே .38-ஐவிட நீளமாகச் செய்தார்கள், பழைய .38 துப்பாக்கிகளில் யாரும் தெரியாமல் நுழைத்துவிடக் கூடாது என்று.

ஒஹாயோ சட்டமும் இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. மானுக்குக் கைத்துப்பாக்கி என்றால் .357 அல்லது அதற்கு மேல், கூடு நேர்ச்சுவராக (வாய்ப்பக்கம் கழுத்தாகக் குறுகாமல்) இருக்க வேண்டும், குழல் குறைந்தது 5 அங்குலம். ஒவ்வொரு வருஷமும் விதிப் புத்தகம் புதிதாக வருகிறது, சீசனுக்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். தனியார் நிலத்துக்கு உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதி கையில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

இந்த வேட்டையின் சரித்திரமே வீட்டு மேசையில் எழுதப்பட்டதுதான். .357 மேக்னம் 1935-இல் வந்தபோது ஸ்மித் அண்ட் வெஸன் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸன் அதை எடுத்துக்கொண்டு மேற்கே போய் ஆன்ட்டலோப், எல்க், மூஸ் எல்லாம் அடித்துக் காட்டினார், ரிவால்வரால் பெரிய விலங்கை வீழ்த்த முடியும் என்று ஊருக்கு நிரூபிக்க. அதே காலத்தில் ஐடஹோவில் எல்மர் கீத் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி. .45 கோல்ட் ரிவால்வரில் அளவுக்கு மீறிக் கட்டி ஒன்றை வெடிக்க வைத்துவிட்டு, சுவர் கொஞ்சம் தடிமனாக நிற்கும் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். தானே வடிவமைத்த தட்டை மூக்குக் குண்டை ஈயத்தில் வார்த்து, தானே மருந்து போட்டு, கிட்டத்தட்ட முப்பது வருஷம் சுட்டுக்கொண்டும் எழுதிக்கொண்டும் கம்பெனிகளை நச்சரித்துக்கொண்டும் இருந்தார். கடைசியில் ரெமிங்டன் தோட்டாவும் ஸ்மித் அண்ட் வெஸன் துப்பாக்கியும் சேர்ந்து 1955 கடைசி, 1956 தொடக்கம் வாக்கில் .44 மேக்னமாக வந்தது. அந்த 1956-லேயே ரூகர் கம்பெனியும் தன் பிளாக்ஹாக் ரிவால்வரில் அதைப் போட்டுவிட்டது. .454 காஸல் கதையும் இதேதான்: டிக் காஸல் ஐம்பதுகளில் தானே செய்து பார்த்தது, கம்பெனித் துப்பாக்கியாக வயோமிங்கின் ஃப்ரீடம் என்ற சின்ன ஊரிலிருந்து வெளியே வர 1983 ஆயிற்று. கட்டும் கருவிகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஆர்சிபிஎஸ் என்ற பச்சை நிறக் கருவிக் கம்பெனி 1943-இல் கலிபோர்னியாவின் ஒரொவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் ஆரம்பித்தது, யுத்த காலத்தில் குண்டு கிடைக்காமல் .22 கூடுகளை வைத்துத் தானே குண்டு செய்யக் கண்டுபிடித்த அச்சிலிருந்து. யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் கழித்த மருந்தை மொத்தமாக வாங்கி விற்றார் கான்ஸஸின் புரூஸ் ஹாட்ஜ்டன். இன்று என் அலமாரியில் நிற்கும் டப்பாக்களில் பாதி அந்தப் பெயரில்தான்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீத் காலத்து அளவுகளைப் பழைய பத்திரிகையில் பார்த்து அப்படியே கட்டாதீர்கள். மருந்துத் தயாரிப்பு மாறியிருக்கிறது, கூட்டின் கனம் மாறியிருக்கிறது, அழுத்தம் அளக்கும் முறையும் மாறியிருக்கிறது. மருந்துக் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ இப்போது வெளியிடும் கையேடு, அதில் சொன்ன குண்டு, சொன்ன ப்ரைமர், சொன்ன ஆரம்ப அளவு, அவ்வளவுதான். இந்தப் பதிலில் மருந்து அளவு ஒன்றுகூட நான் எழுதப் போவதில்லை, யாராவது நினைவிலிருந்து சொன்னாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சரி, கட்டுவது எப்படி இருக்கும் என்று ஒரு கூட்டை எடுத்துக் காட்டுகிறேன்.

சுட்ட .44 கூடுகள் இருபதை ஒரு உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் கிணுகிணுவென்று தெளிவாக ஒலிக்க வேண்டும். ஒன்று கரகரவென்று ஒலித்தால் அதில் எங்கோ கீறல். பானைக் கடையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவார்களே, அதே வித்தை. வாய்ப்பக்கம் மெல்லிய மயிர்க்கோடு ஓடியிருக்கும், அதைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும், அப்புறம் கைதவறிக்கூடத் திரும்பி வராது. மற்றதைக் கழுவிக் காய வைத்து, பிரஸ் என்ற நெம்புகோல் கருவியில் நிற்க வைத்துக் கைப்பிடியை இறக்கினால் முதல் டை (உலோக அச்சு) பழைய ப்ரைமரைத் தள்ளி, விரிந்த சுவரைப் பழைய அளவுக்கு இறுக்கும். நேர்ச்சுவர்க் கூடு என்பதால் கார்பைடு டை போதும், எண்ணெய் பூச வேண்டியதில்லை. புதுசாகக் கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய நிம்மதி. இரண்டாவது டை வாயை ஒரு துளி மலர்த்தும், குண்டின் அடி உட்காரும் அளவுக்கு மட்டும். அதிகம் மலர்த்தினால் பித்தளை சீக்கிரம் களைத்துக் கிழியும். புது ப்ரைமரை அழுத்தி, அடியில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், மட்டத்துக்கு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் ரிவால்வரின் உருளை சுற்றாது. கண் தவறவிடுவதை விரல் நுனி பிடித்துவிடும்.

அப்புறம் மருந்து. எடை கிரெயினில், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஊரில் தங்கம் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும் என்றால் எவ்வளவு நுணுக்கம் என்று புரியும். தராசைத் தினமும் சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், மற்றவை அலமாரியில்.

2003 குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், இதை யாரிடமும் மறைத்ததில்லை. ஐம்பது கூடு மரத்தட்டில் வரிசையாக நிற்கிறது. சீக்கிரம் எரியும் ரக மருந்து, சின்ன அளவு, கூட்டில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது. இருபத்தைந்து முப்பது போட்டிருப்பேன், ஊரிலிருந்து அம்மா போன். பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன், எந்தக் கூட்டில் விட்டேன் என்று தெரியும் என்று நினைத்து அங்கிருந்து தொடர்ந்தேன். ஐம்பதும் முடிந்ததும் வழக்கம்போல டார்ச் அடித்து மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலாவது வரிசையில் ஒரு கூட்டில் மட்டும் மருந்து மட்டம் பக்கத்துக் கூடுகளைவிட மேலே நின்றது. இரண்டு தடவை விழுந்திருக்கிறது. குண்டை வைத்து மூடியிருந்தால் வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சுட்டிருந்தால் உருளை பிளந்திருக்கும், என் விரல்களோ பக்கத்தில் நிற்பவர் முகமோ என்னவாகியிருக்கும் என்று இப்போது எழுதும்போதும் வயிறு கலங்குகிறது. ஐம்பதையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போன் வராது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கதவு மூடியிருந்தால் தட்டக்கூடக் கூடாது. நடுவில் எழுந்தால் தட்டு முழுவதையும் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. முடிந்தவரை கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தையே தேர்ந்தெடுக்கிறேன், இரண்டாவது தடவை போட்டால் பொங்கி வழிந்து தானே காட்டிக்கொடுக்கும்.

குறைவாகப் போடுவது பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். மருந்தே போடாமல் மூடிய தோட்டாவில் ப்ரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளிவிட்டு நின்றுவிடும். பொத்தென்று ஒரு சத்தம், உதையே இருக்காது. அந்த நிமிஷம் நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும், அடுத்ததைச் சுட்டால் குழல் போகும். எச்110 போன்ற மெதுவாக எரியும் மேக்னம் மருந்தைக் கையேட்டில் சொன்னதற்குக் கீழே இறக்கக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது, நூற்றுக்கு மூன்றுக்கு மேல் குறைக்காதே என்று. அதனால் ஏணியின் கீழ்ப்படிகளுக்கு வேறு மருந்து, உச்சிக்கு அது.

கடைசி வேலை, குண்டை உட்கார வைத்து வாயை உள்ளே சுருட்டி இறுக்குவது. ரைஃபிள்காரர்கள் பலர் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. கனமான ரிவால்வரில் இது உயிர்நாடி. ஒவ்வொரு உதையிலும் அறையில் காத்திருக்கும் மற்றக் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நகரப் பார்க்கும், நகர்ந்து வெளியே நீட்டினால் உருளை பூட்டிக்கொள்ளும். ஆறு தோட்டா போட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு, ஆறாவதை எடுத்துக் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியில் நீளம் பாருங்கள். முன்பு அளந்ததும் இதுவும் ஒன்றாக இருந்தால் உங்கள் இறுக்கம் சரி.

காசு விஷயம். .44 மேக்னம் இன்று கடையில் ஒரு தோட்டா ஒரு டாலருக்கு மேல். கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வீட்டில் கட்டினால் அதில் பாதிக்கும் கீழே கொண்டு வரலாம், குண்டையும் நானே வார்த்தால் இன்னும் கீழே. ஆனால் நீங்கள் செலவைக் குறைக்க மாட்டீர்கள், சுடுவதைக் கூட்டுவீர்கள். மாதம் ஐம்பது சுட்டவர் இருநூறு சுடுவார். அதுவே பெரிய லாபம், கைத்துப்பாக்கி கைக்கு வர எண்ணிக்கைதான் வழி. 2020-இலிருந்து இரண்டு வருஷம் ப்ரைமர் எங்கேயும் கிடைக்காமல் தவித்தோம், கிடைத்த இடத்தில் மூன்று மடங்கு விலை. அதனால் எப்போதும் ஒரு வருஷத்துக்கு வேண்டியதைக் கையில் வைத்திருப்பேன், அதற்கு மேல் பதுக்குவதில்லை. பிரஸ் விஷயத்தில், ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சாதாரண பிரஸ் வாங்குங்கள். ஒரே இழுப்பில் ஒரு தோட்டா முடிக்கும் வேக பிரஸ்ஸில் ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தைக் கண் பார்க்க வேண்டும், அது பின்னால். என் மேசையில் இருக்கும் ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ், அந்தப் பெரியவர் போன பிறகு அவர் மனைவி கூப்பிட்டுக் கொடுத்தது. அவரிடம் முப்பது வருஷம் உழைத்தது, என்னிடம் இருபது. கைப்பிடியின் உருண்டை மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது.

ஈயம் பற்றி ஒரு வார்த்தை, நான் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டது. கார் சக்கரங்களில் ஒட்டும் எடைகளை உருக்கிக் குண்டு வார்ப்பேன், திறந்த வெளியில்தான், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஈயத்துக்குள் விழாமல், விழுந்தால் ஆவியாகி உருகிய ஈயத்தையே வீசியடிக்கும். இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு வருஷம் ரத்தப் பரிசோதனையில் ஈயம் கூடியிருந்தது. விசாரித்துப் பார்த்தால் வார்ப்பு காரணமில்லை. கூடுகளை நிலவறையில் உலர் டம்ளர் என்ற துலக்கும் இயந்திரத்தில் போட்டுச் சுத்தம் செய்யும்போது பறந்த தூசியும், காற்றோட்டம் சரியில்லாத, சுட்டுப் பழகும் உள்ளரங்க ரேஞ்சும்தான். ப்ரைமரிலேயே ஈயக் கலவை இருக்கிறது, சுட்ட கூட்டுக்குள் அந்தக் கரி ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றிச் சுற்றும் டம்ளருக்கு மாறினேன், ரேஞ்சை மாற்றினேன், அடுத்த வருஷம் இறங்கிவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள், மேசையில் காபிகூட வேண்டாம்.

வேட்டைக்கு வருவோம். கைத்துப்பாக்கிக் குண்டு ரைஃபிள் குண்டு மாதிரி வேகத்தின் அதிர்ச்சியால் வீழ்த்தாது, துளையால் வீழ்த்துகிறது. இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியே வர வேண்டும், இரண்டு துளையிலும் ரத்தம் சிந்தினால்தான் தடம் கிடைக்கும். கீத்தின் தட்டை மூக்குக் குண்டு இன்றும் விலைபோவது அதனால்தான். அதனால் எல்லாமே உங்கள் தூரத்தைப் பொறுத்தது. தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கேட்காதீர்கள், நீங்கள் எவ்வளவு தூரம் போவீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஆறு அங்குலக் காகிதத் தட்டு போதும். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது கணக்கில் வராது. காட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி, மரத்தில் முதுகைச் சாய்த்து முழங்காலில் கை ஊன்றி, ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டில் விழும் வரை ஐந்தைந்து கெஜமாகப் பின்னால் போங்கள். முதல் தடவையாக ஒன்று வெளியே போன இடத்திலிருந்து பத்து கெஜம் கழியுங்கள். அதுதான் இந்த வருஷம் உங்கள் தூரம். எனக்கு முதல் வருஷம் 25 கெஜம். குழல் மேலுள்ள சாதா குறிமுள்ளில் நான் எட்டிய அதிகபட்சம் 60. 50 கெஜத்துக்குக் குறி வைத்த .44, 100 கெஜத்தில் நாலைந்து அங்குலம் இறங்கிவிடும், தூரத்தைத் தப்பாகக் கணித்தால் காயம்தான் மிஞ்சும்.

1967-இல் வந்த தாம்ப்ஸன் சென்டர் கன்டெண்டர் மாதிரி மடக்கிப் போடும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளில் குழலை மாற்றி ரைஃபிள் வகைத் தோட்டா போட்டு, தொலைநோக்கி வைத்து 150, 200 கெஜம் அடிப்பவர்கள் உண்டு. திறமைசாலிகள். என்னைப் பொறுத்தவரை அது வேறு விளையாட்டு. நான் இதற்குள் வந்ததே கிட்டே போவதற்காக.

ஒஹாயோவின் வின்டன் கவுண்டியில் ஓக் மரச் சரிவு ஒன்று, நன்றி செலுத்தும் நாளுக்கு அடுத்த வாரம் வரும் துப்பாக்கி சீசன், செவ்வாய்க்கிழமை. நான் முதல் நாளே வந்து என் மரத்திலிருந்து நாலு பக்கமும் அளந்து வைத்திருந்தேன்: பாசி பிடித்த பாறை 30, விழுந்து கிடக்கும் மரம் 45, ஓடைக்கரை 70. விடிந்து ஒரு மணி நேரத்தில் ஓடைக்கரையில் நல்ல கொம்புள்ள கடா வந்து நின்றது. பக்கவாட்டில், அசையாமல். ரைஃபிள் இருந்தால் கேள்வியே இல்லை. துப்பாக்கியை மடியிலிருந்து எடுக்கவே இல்லை, அது புதருக்குள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு பெட்டை, சருகு சத்தமே இல்லாமல், விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. நேராக என்னைப் பார்த்து நின்றது. நெஞ்சு தெரிந்தும் சுடவில்லை, நேர் முகத்தில் இரண்டு நுரையீரலும் ஒரே கோட்டில் வராது. என் ஆரஞ்சுச் சட்டையைத் தாண்டிக் காற்றை மோந்தது. முன்காலை ஒரு தடவை தரையில் தட்டியது. ஏழெட்டு நிமிஷம் இருக்கும், என் முழங்கால் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் ஓக் கொட்டைக்குத் தலையைக் குனிந்து திரும்பியது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி. 38 கெஜம், ஒரு குண்டு. ஓடிவிட்டது. அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உடனே பின்னால் போனால் அடிபட்ட மான் எழுந்து இன்னும் ஓடும். பிறகு போனால் சருகின் மேல் நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம், நுரையீரல் ரத்தம் அப்படித்தான் இருக்கும். அறுபது தப்படியில் கிடந்தது. காயத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு இறைச்சியை வெட்டி எறிந்துவிடுவேன், ஈயத் துணுக்கு இருக்கலாம் என்பதற்காக. உங்களுக்கு அந்தக் கவலை அதிகம் என்றால் முழுச் செம்புக் குண்டு கிடைக்கிறது, கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது, அங்கே கான்டார் கழுகுகள் ஈயத்தால் செத்தன. தொடைக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு மெதுவாக வதக்கினால் ஊர்ச் சுக்கா மாதிரியே வரும், மானில் கொழுப்பு குறைவு, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

வயசு பற்றிக் கேட்டீர்கள். முதலில் போவது கண். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் முன் குறிமுள் மங்கலாகிவிட்டது, மான் தெளிவாகத் தெரிகிறது, முள் பஞ்சாகத் தெரிகிறது. இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) போட்டேன், தூரம் மறுபடி 60-க்கு வந்தது. அடுத்தது மணிக்கட்டு. இப்போது வருஷம் முழுவதும் கீழ்ப்படித் தோட்டாதான் சுடுகிறேன், முழு வேகம் சீசனுக்கு முன் ஒரு பெட்டி. ஏணியில் ஏறத் தெரிந்தவர் இறங்கவும் தெரிந்தால் எழுபதிலும் சுடலாம். திரும்பி வராதது காது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, மான் வந்த அவசரத்தில், காது மூடி இல்லாமல் .44 சுட்டேன். அன்று தொடங்கிய ரீங்காரம் இடது காதில் இன்னும் நிற்கவில்லை. சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி வெடிச்சத்தத்தைத் தடுக்கும் மின்னணுக் காதுமூடிகள் இருக்கின்றன, அதை மாட்டிக்கொண்டு சருகுச் சத்தம்கூடக் கேட்கலாம். துப்பாக்கிக்கு முன் அதை வாங்குங்கள்.

சட்ட விஷயம் இரண்டு மூன்று, உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். கிரீன் கார்டுக்காரருக்குத் தடையில்லை. ஆனால் எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று. அந்த நிலையில் இருப்பவர் வக்கீலைக் கேட்டுவிட்டே தொட வேண்டும். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்ட மத்திய உரிமம் வேண்டாம், விற்கக் கட்டினால் வேண்டும். நான் கட்டியதை நான் மட்டும்தான் சுடுவேன், நண்பருக்கு ஒன்றுகூடக் கொடுப்பதில்லை. ஊரில் இது எதையும் நினைத்தே பார்க்க முடியாது, 1972 வனவிலங்குச் சட்டமும் 1959 ஆயுதச் சட்டமும் இருக்கின்றன. அதைவிட முக்கியம்: ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். ஓரத்துத் தையலில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தால்கூடச் சென்னை விமான நிலையத்தில் வழக்காகிவிடும். எனக்கு ரேஞ்ச் பை சிவப்பு நிறம், அந்த நிறத்தில் வீட்டில் வேறு பையே கிடையாது.

வாங்குவதற்கு முன் ஒரு தடவை நேரில் பாருங்கள். நான் ஏதன்ஸ் பக்கம்தான் இருக்கிறேன், உங்களுக்கு ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலையில் வாருங்கள், பெரியவரின் பிரஸ்ஸில் நூறு கூட்டை நீங்களே இறுக்கி, ப்ரைமர் அழுத்தி விரலால் தடவிப் பாருங்கள், மருந்து நான் போடுகிறேன், டார்ச் நீங்கள் பிடியுங்கள். போனைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.